காரிநங்கையின் பள்ளியுரிமை குறித்து ஓடக்கரைக் கூற்றத்துக்கு விடுத்த ஓலை

நீர் குறையாது நிற்க. நெறி கோணாது நிற்க.

நீள்மருத நாட்டின் ஏழு கூற்றங்களையும் ஒரு குடைக்கீழ் ஆளும் மானவிறல் பெருங்கோ அவர்களின் வாய்மொழிப்படி, அரண்மனை ஆவணச் சாலைத் தலைவன் தேவன் மாடலன், ஓடக்கரைக் கூற்றத்தின் காவல் பூண்ட பெருந்தகை அருமொழிச் சாத்தனார் அவர்களுக்கு வணக்கத்தோடு எழுதி விடுக்கும் ஓலை. தங்கள் ஆற்றங்கரை ஊர்களும், கன்று காலிகளும், இல்லத்தார் அனைவரும் நலமுற்றிருப்பார்களாக.

இங்கே யாவரும் நலம். வழக்கு ஒன்று மட்டும் இரண்டாண்டுகளாக இழுபட்டுக் கிடந்து, சென்ற திங்களில்தான் முடிவுக்கு வந்தது. அம்முடிவை நிறைவேற்ற வேண்டியவர் தாங்கள் ஆதலால், நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஓடக்கரைப் பள்ளியில் எட்டாண்டுகளாகப் பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் கற்பித்து வருபவர் காரிநங்கை என்னும் ஆசிரியை. பள்ளிக்கென விடப்பட்ட நிலத்திலிருந்து ஆண்டுக்கு நாற்பது கலம் நெல் அவருக்கு உரியது. ஆறாண்டுகள் அது குறைவின்றி அளக்கப்பட்டது. பின்னர் ஊர்த்தலைமைக்கு வந்த கூத்தன் கடைசி இரண்டாண்டுகளின் நெல்லை நிறுத்தி, அவர் நியமிக்கப்பட்டவரே அல்லர் என்று சொல்லி, தம் தமக்கை மகனைப் பள்ளியில் அமர்த்த முனைந்தார்.

அவர் காட்டிய காரணம் இது. நம் நாட்டில் நியமன ஓலை மூங்கிற்குழலில் அடைக்கப்பட்டு, அரக்கு முத்திரையோடு ஊர் சேரும். ஊர்த்தலைவர் சபை முன்னே முத்திரையை உடைத்து வாசித்த பிறகே நியமனம் செல்லும். ஓடக்கரைக்குக் குழல் வந்த நாளில் அப்போதைய தலைவர், அதாவது கூத்தனின் தமையன், தாயை இழந்து துக்கத்தில் இருந்தார். துக்க வீட்டுக் கை அரச முத்திரையைத் தொடலாகாது என்று ஊரார் குழலைப் பள்ளி விட்டத்தில் செருகி வைத்துவிட்டு, பாடத்தைத் தொடங்குமாறு ஆசிரியைக்குச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் குழல் எட்டாண்டுகளாக அங்கேயே இருந்தது.

தலைநகர் அறமன்றத்தில் பேசியதைப் பேசியபடியே எழுதுவது நம் ஆவணச் சாலை வழக்கம். முத்திரை உடையாததை ஏன் கேட்காமல் இருந்தீர் என்று மன்றத்தார் வினவியபோது, காரிநங்கை இவ்வாறு சொன்னார்:

“கேக்காம எங்கங்கய்யா இருந்தேன்? ஆறு தடவை இவரு அண்ணன், பெரியவர் வீட்டுக்கு நடந்தேன். ‘அறுப்பு முடியட்டும் நங்கை’ன்னாரு. எத்தனை அறுப்பு முடிஞ்சுதுன்னு நீங்களே எண்ணிக்குங்க. நானே உடைச்சிருந்தா அன்னிக்கே என்னைக் குத்தவாளி ஆக்கியிருப்பாங்க.”

அதற்குக் கூத்தன் சொன்னது: “பிள்ளைகளைக் கூட்டி உக்கார வெச்சா ஆசிரியர் ஆயிருவாங்களா? அப்போ கோயில் வாசல்ல கதை சொல்றவனுக்கும் நாங்க நெல்லு அளக்கணும்.”

அவையில் சிலர் சிரித்தார்கள். அம்மையார் சிரிக்கவுமில்லை, தலை குனியவுமில்லை.

பின்னர், ஓடக்கரையிலிருந்து கொண்டுவரப்பட்ட அக்குழலை மன்றத் தலைவர் தம் கையால் உடைத்தார். உள்ளே இருந்தது காரிநங்கையின் ஓலையன்று. மேலமடை என்னும் ஊருக்கு மடைக்காவலர் ஒருவரை நியமித்த ஓலை. கூத்தன் அவையைத் திரும்பிப் பார்த்தார். இப்போது முத்திரை மட்டுமன்று, ஓலையே இல்லை என்றாகிவிட்டது.

அந்த எழுத்து என்னுடையது. இதை மறைத்து எழுத எனக்கு உரிமையில்லை. எட்டாண்டுகளுக்கு முன் ஒரே நாளில் இரண்டு ஓலைகளையும் எழுதி, இரண்டு குழல்களிலும் அடைத்தவன் நானே. மாற்றி அடைத்திருக்கிறேன் என்பது அன்றைக்கு அவை நடுவில்தான் எனக்கே தெரிந்தது. மன்றத்தாரிடம் அதைச் சொல்லி, மேலமடைக்குக் குதிரை வீரனை அனுப்ப வேண்டினேன்.

நான்காம் நாள் மேலமடைத் தலைவரே ஆவணப் பேழையோடு வந்து சேர்ந்தார். அதில் காரிநங்கையின் நியமன ஓலை பூச்சி அரிக்காமல், வேப்பிலைக்கு நடுவே பத்திரமாக இருந்தது. குழல் வந்த மறுநாளே முறைப்படி சபை கூட்டி, முத்திரை உடைத்து, முழுவதும் வாசித்திருக்கிறார்கள். ஓடக்கரைப் பள்ளி என்று எழுதியிருந்தும் ஏன் திருப்பி அனுப்பவில்லை என்று கேட்டதற்கு அவர் கூறிய விடை: “அரண்மனை ஓலையில தப்புன்னு நாங்க எந்த வாயால சொல்றது சாமி? ஆசிரியை வருவாங்கன்னு ரெண்டு வருஷம் கொட்டகை போட்டுக் காத்திருந்தோம்.” அவ்வூர் மடைக்காவலரோ ஓலைக்குக் காத்திராமல் அன்றே மடையில் போய் உட்கார்ந்துவிட்டாராம். அவரை நியமித்தது யாரென்று இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை.

தம் ஊர்ச் சபையில் வாசிக்கப்படாத ஓலை தம் ஊரைக் கட்டுப்படுத்தாது என்று கூத்தன் இறுதியாக வாதிட்டார். மன்றம் அதை ஏற்கவில்லை. அரசனுக்கு உட்பட்ட ஊர்ச்சபை ஒன்றில், ஊர்த்தலைவர் ஒருவரின் கையால், ஓலை வந்த மறுநாளே முத்திரை உடைந்து வாசிப்பு நடந்திருக்கிறது. நியமனம் அன்றே நிறைவுற்றது. ஊர் மாறியது அரண்மனையின் பிழை. அறுப்பைச் சொல்லித் தள்ளிப் போட்டது ஓடக்கரையின் பிழை. இவ்விரண்டில் ஒன்றையும் ஆசிரியை சுமக்க வேண்டியதில்லை. பெருங்கோ அவர்கள் இத்தீர்ப்பைக் கேட்டு, அவ்வாறே ஆகுக என்று அருளினார்கள்.

ஆகவே தாங்கள் செய்ய வேண்டியவை. நிறுத்திய எண்பது கலம் நெல்லும் வருகிற முழுநிலவுக்குள் காரிநங்கையின் வீட்டு வாசலில் அளக்கப்பட வேண்டும். அதைக் கூத்தனே உடனிருந்து அளப்பிக்க வேண்டும், ஆளனுப்பினால் போதாது. அவர் தமக்கை மகன் பள்ளியில் உரிமை கோராது விலகுவார். அந்தத் தமக்கை மகன்மேல் குற்றம் ஏதுமில்லை. வழக்குக்காக அம்மையார் தலைநகருக்கு வந்து போன செலவை என் படியிலிருந்து பிடித்துக்கொள்ள நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். நெல் ஒரு மரக்கால் குறைந்தாலும், நாள் ஒன்று தவறினாலும், ஊர்த்தலைமை கூத்தனிடமிருந்து நீங்கும்.

நியமன ஓலையை இத்துடன் இணைத்திருக்கிறேன். வேறேதும் வேண்டுமா என்று மன்றத்தார் கேட்டபோது, தம் பெயரை ஆசிரியை என்று தம் ஊரில், தம் பிள்ளைகள் காதில் விழும்படி ஒருமுறை வாசித்தால் போதும் என்றார் அம்மையார். எனவே தாங்களே ஓடக்கரைக்கு எழுந்தருளி, சபையாரையும் அழைத்துக்கொண்டு, பள்ளியில் வைத்து அதை உரக்க வாசிக்க வேண்டும்.

தாங்கள் சென்று சேரும் வேளையில் பாடம் நடந்துகொண்டிருந்தால், அது முடியும் வரை தாங்களும் சபையாரும் வெளியே காத்திருக்க வேண்டும். இது பெருங்கோ அவர்கள் தம் வாயால் சேர்க்கச் சொன்ன வரி.

மருதமர இலச்சினை பொறித்து, ஆட்சியாண்டு பதினேழு, கார்த்திகைத் திங்கள் ஒன்பதாம் நாள் விடுத்தது. எழுதியதும், குழலில் அடைக்கும் முன் இருமுறை ஒப்பு நோக்கியதும் தேவன் மாடலன்.