க்ளைவ் பெயரில் ஒரு கையெழுத்து

செப்டம்பர் 9, செவ்வாய்
சந்தையில் மூன்று மணி நேரம் மழையில் நின்றதற்கு முப்பத்தோரு கையெழுத்து. "இன்னொருத்தனுக்குத் தண்டச் சம்பளமா?" என்றார் ஒருவர். இது மேயரைத் தேர்ந்தெடுக்க அல்ல, நேரடியாக ஒரு மேயரைத் தேர்ந்தெடுக்கலாமா என்று ஊரைக் கேட்டு ஓட்டு நடத்தச் சொல்லும் மனு என்றேன். இப்போது கவுன்சிலர்களே கூடித் தங்களுக்குள் ஒரு தலைவரை வைத்துக்கொள்கிறார்கள். நீச்சல் குளத்தை மூடினார்களே, யாரைப் போய்க் கேட்பது? முணுமுணுத்துக்கொண்டே போட்டார்.

வீட்டில் என் கணவர் க்ளைவ் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. சம்மதம் என்றுதான் அர்த்தம்.

செப்டம்பர் 27, சனி
நேற்று மனுவைக் கொடுத்துவிட்டோம். வேண்டியது 4,100. கொடுத்தது 4,190! ஏவ்ரில் என்னைக் கட்டிக்கொண்டாள். ஆறு மாதமாக அவளும் நானும்தானே அந்த மடக்கு மேசையைத் தூக்கிக்கொண்டு அலைந்தோம்.

அக்டோபர் 14
பதில் இல்லை. தபால் விழும் சத்தத்துக்கெல்லாம் எழுந்து ஓடுகிறேன்.

அக்டோபர் 24, வெள்ளி
மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். 118 கையெழுத்து செல்லாது. இருபத்தெட்டு குறைகிறது.

நகர மன்றத்துப் பெண் தாள்களைக் காட்டினாள். பெரும்பாலும் ஒரே கதை — புருஷன் பெயரையும் பெண்டாட்டியே போட்டிருக்கிறாள். முதல் தாள், இரண்டாவது வரி: க்ளைவ். என் கையெழுத்தில்.

யோசித்துக்கூடப் போடவில்லை. முப்பத்துநாலு வருஷமாகக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளில் இரண்டு பெயரையும் நான்தானே எழுதுகிறேன்? அதே கை, அதே பழக்கம்.

ஏவ்ரில் போனில், "ஆரம்பிச்ச நீயே இப்படிப் பண்ணா, மத்தவங்களை என்னத்தச் சொல்ல?" என்றாள். வைத்துவிட்டாள்.

சாயங்காலம் க்ளைவிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்தார்.

"எனக்கு மேயரே வேணாம் க்ளெனிஸ். ஒரே ஆள் கையில எல்லாத்தையும் குடுக்கறதா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

கேட்கலையே. ஊரைக் கேளு, ஊரைக் கேளுன்னு தெருத்தெருவா கத்தினேன். கூட உக்காந்து சாப்பிடற மனுஷனை ஒரு வார்த்தை கேட்டேனா? வெட்கமா இருக்கு.

நவம்பர் 8, சனி
செல்லுபடியான கையெழுத்துகள் அப்படியே இருக்குமாம், குறைவதைச் சேர்த்துக் கொடுக்கலாமாம். தனியாகப் போய் நின்றேன். பத்து மணிக்கு ஏவ்ரில் வந்தாள். மேசையின் மறுபக்கக் காலை விரித்தாள்.

"அவருக்கும் சேத்துப் போட்டுடறேன்" என்றாள் ஒருத்தி. அவரையே வரச் சொல்லுங்கள் என்றேன். முறைத்துவிட்டுப் போனாள். பதினொன்றுதான் கிடைத்தது.

நவம்பர் 15, சனி
க்ளைவ் சந்தைக்கு வந்தார், காய்கறிப் பையோடு. இரண்டு பேருக்குப் பின்னால் வரிசையில் நின்றார். நான் கூப்பிடவே இல்லை. தன் சொந்தப் பேனாவை எடுத்து, முகவரி, தேதி எல்லாம் நிதானமாக எழுதினார்.

"ஓட்டு வந்தா வேணாம்னுதான் போடுவேன். ஆனா ஓட்டு வரட்டும்."

ஏவ்ரில் ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்துவிட்டு, "செல்லும்" என்றாள்.

டிசம்பர் 5, வெள்ளி
குறைந்த இருபத்தெட்டையும் சேர்த்துக் கொடுத்தோம், ஏற்றுக்கொண்டார்கள். மே மாதம் ஓட்டு. ஜெயிப்போமா, தெரியவில்லை. ஒரு ஓட்டு எதிராக விழும் என்பது மட்டும் நிச்சயம்.

வாழ்த்து அட்டைகள் நாற்பதிலும் என் பெயரை மட்டும் எழுதி அவர் நாற்காலிப் பக்கத்தில் வைத்தேன். ஆறு அட்டையில் தன் பெயரைப் போடுவதற்குள் கை வலிக்கிறது என்கிறார்.

போடட்டும்.