பதினொரு நிமிஷம்

சேவுகம்பட்டி,
9.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

கௌசல்யா எழுதுவது. நானும் பாப்பாவும் அம்மா வீட்டுக்கு வந்து நாலு மாசம் ஆகிறது. இம்புட்டுத் தாமதமாக எழுதுகிறாளே என்று நினைக்காதீர்கள். என் நம்பரை பிளாக் செய்துவிட்டீர்கள். அதனால் பஸ் ஷெட் விலாசத்துக்கு அனுப்புகிறேன்.

பஸ் எங்கே வருகிறது என்று காட்டும் ஆப்பைப் பயணிகளுக்காகத்தான் விட்டார்கள். அதை வைத்து உங்களைக் காவல் காத்தது என் தப்பு. "செம்பட்டியில ஏன் ஒம்பது நிமிஷம் நிக்கிது?" என்று நீங்கள் ஓட்டும்போதே போன் போட்டேன். "டிரைவரண்ணே, வீட்டு டைம்கீப்பர் லைன்ல இருக்காக!" என்று பஸ்ஸே சிரித்ததாம். அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தீர்கள். சந்தேகம் இல்லை மாமா. வண்டி நின்றாலே எங்கேயோ மோதிவிட்டதோ என்று உடனே போனை எடுத்துவிடுவேன்.

இப்போதும் பார்க்கிறேன். நாலு நாற்பதுக்கு எங்கள் ஊருக்குப் பிரியும் விலக்கு ஸ்டாப்பில் அரை நிமிஷம் நின்று கிளம்புகிறீர்கள். ரோட்டுக்கு வந்து நாலு பேர் முன்னால் உங்களை மறிக்க மாட்டேன். எங்களைக் கூட்டிக்கொள்ள மனசிருந்தால் வெள்ளிக்கிழமை விலக்கில் செத்த நேரம் கூடுதலாக நில்லுங்கள். நான் புரிந்துகொள்வேன்.

உங்கள்
கௌசல்யா


13.6.2025, வெள்ளி

மாமா,

பதினொரு நிமிஷம்! ஆப்பில் உங்கள் வண்டிப் புள்ளி அசையவே இல்லை. "அப்பா நிக்கிதும்மா" என்று இளவேனில் கட்டிலில் ஏறிக் குதித்தாள். உங்களைத் திட்டிக்கொண்டே இருந்த அம்மாகூட, "சரி, துணிமணிய எடுத்து வையி" என்றது.

திங்கட்கிழமை அதே வண்டிக்கு விலக்கில் நிற்போம். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். ஏறி உட்கார்ந்துகொள்கிறோம்.

கௌசி


ஒட்டன்சத்திரம்,
22.6.2025

கௌசி,

உன் ரெண்டு லெட்டரும் ஷெட்ல கிடந்திருக்கு. நேத்துத்தான் கருப்புசாமி கொண்டாந்து குடுத்தான். மாசியில இருந்து அந்த பஸ்ஸ அவன்தான் ஓட்டுறான். நான் இங்க தக்காளி லோடு வண்டிக்கு வந்துட்டேன். வெள்ளிக்கிழமை உங்க விலக்குல ரேடியேட்டர் கொதிச்சுப்போயி, தண்ணி ஊத்தி ஆற வச்சிருக்கான். அம்புட்டுத்தான்.

திங்கட்கிழமை ஒரு பொண்ணு பிள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு பையோட ஏறுச்சாம். டிரைவர் சீட்டப் பாத்துட்டு அப்படியே இறங்கிருச்சாம். லெட்டரப் படிச்சப்புறந்தான் அது நீன்னு தெரிஞ்சுச்சு.

ஆப்புல தெரியாத வண்டியாத் தேடித்தான் இங்க வந்தேன். எங்க நின்னாலும் யாருக்கும் தெரியாது. நிம்மதியா இருக்கு. உன் மேல கோவம் இல்ல. கோவம் இருந்திருந்தா திரும்பி வந்திருப்பேன். நாம இருந்த நாகல் நகர் வீட்டையும் காலி பண்ணிட்டேன். தேடி வர வேண்டாம்.

பழனிக்குமார்


சேவுகம்பட்டி,
3.7.2025

மாமா,

நாலு காகிதம் கிழித்துவிட்டேன். அதனால்தான் தாமதம். அன்று கண்டக்டர் "எங்கம்மா போகணும்?" என்று கேட்டபோது வண்டி மாறி ஏறிவிட்டேன் என்று சொல்லி இறங்கிக்கொண்டேன். நல்லவேளை, பாப்பா தூங்கிப்போயிருந்தாள்.

உங்கள் நிம்மதிக்குக் குறுக்கே வர மாட்டேன். எனக்கென்று ஒன்றும் கேட்கவும் இல்லை. ஆனால் நாலரை ஆனால் இளவேனில் என் போனைத் தூக்கிக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுகிறாள். "அப்பா வத்தலக்குண்டுல கெளம்பிருச்சு" என்று தெருவுக்கே கேட்கக் கத்துகிறாள். புள்ளி விலக்கைத் தாண்டியதும் டாட்டா காட்டுகிறாள். ஆப்பை அழித்துப் பார்த்தேன். அழுது அழுது காய்ச்சல் கண்டுவிட்டது. மறுபடி போட்டுக் கொடுத்தேன்.

அந்த பஸ்ஸில் நீங்கள் இல்லை என்று நாலு வயசுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? நீங்களே ஒரு வரி எழுதிப் போடுங்கள், வாசித்துக் காட்டுகிறேன். எனக்குச் சொல்ல வரவில்லை.

கௌசல்யா