கமலி, இதைப் பார்க்காதே

என் ஸ்டெல்லாவுக்கு,

வண்டி ஓட்டியது நீ, பின்னால் உட்கார்ந்து வாய் ஓயாதது நான். அந்தக் கமலிதான் எழுதுகிறேன்.

நீ போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. இப்போது கேம்ப் ரோட்டில் பஸ் ஏறி, சோழிங்கநல்லூரில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து நாவலூர் போகிறேன். உன் ஸ்கூட்டர் சேலையூரில் உன் வீட்டு வாசலிலேயே நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பும் முன் உன் அம்மா அதைத் துடைத்து வைக்கிறார்கள். இனி யார் ஓட்டப் போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்குத்தான் ஓட்டத் தெரியாதே.

ஆபீசில் எல்லாரும் என்னிடம் ரொம்ப அன்பாக இருக்கிறார்கள். அதுதான் தொல்லை. நான் எதைச் சொன்னாலும் "சரி மேடம், சரி மேடம்" என்கிறார்கள். "போடீ, தப்பு" என்று சொல்ல ஒருத்தரும் இல்லை.

நம் தண்ணீர்த்தொட்டிக் கருவிக்குப் புதுப் பதிப்பு வந்தது. உன் இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "அனுப்புற பக்கம், வாங்குற பக்கம், ரெண்டையும் நீங்களே எழுதிடுங்க கமலி. உங்களுக்குத் தெரியாததா?" என்றார். உனக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். எனக்கு மறுக்கத் தெம்பில்லை.

இதை மற்றவர்களும் படிப்பார்கள். உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன், பொறுத்துக்கொள். மொட்டைமாடித் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் என்று கீழே உள்ள மோட்டாருக்கு ரேடியோவில் சொல்லும் கருவி அது. 0, 1 என்ற பிட்டுகளைச் சின்னச் சின்னக் கூட்டமாக, 'சொல்'லாக, சேர்த்து அனுப்பும்; ஒரு சொல்லில் ஒரு பிட் கெட்டால் நம் குறியீடு சரிசெய்துவிடும். மோட்டார் ஓடும்போது எழும் மின் இரைச்சலோ அடுத்தடுத்து இருக்கும் பிட்டுகளை மொத்தமாக வாரிக்கொண்டு போகும். அதனால் அனுப்பும் முன் பிட்டுகளைக் கலைத்து, வாங்கிய பின் பழையபடி அடுக்குவோம். உன் அம்மாவுக்கு நீ சொன்ன விளக்கம்தான் எனக்குப் பிடிக்கும்: "ஒரே வீட்டு ஆளுங்க எல்லாரையும் ஒரே ஆட்டோல ஏத்தக் கூடாதும்மா, அவ்ளோதான்." சிப்பில் செய்திக்கு இன்னொரு பிரதி வைக்கக்கூட இடம் கிடையாது. கட்டம் போட்டு வரிசையாக எழுதி, பத்தியாக மேலிருந்து கீழே படிப்பதுபோல, எந்தப் பிட் எங்கே போகும் என்பதற்கு ஒரே ஒரு வரிக் கணக்குதான்.

அந்தக் கணக்கை ஒருமுறை வண்டியில் பேசித் தொலைத்தோமே, நினைவிருக்கிறதா? மேடவாக்கம் சிக்னலில் நான் வரிசையையும் பத்தியையும் மாற்றிச் சொன்னேன். அனுப்பும் பக்கத்தில் நானும் வாங்கும் பக்கத்தில் நீயும் அதையே எழுதினோம். இரண்டு பக்கமும் ஒரே தப்பு என்பதால் சோதனை ஜோராகத் தேறியது. வாடிக்கையாளரின் பழைய கருவியோடு சேர்த்தபோதுதான் மானம் போனது. அன்றிலிருந்து சட்டம் போட்டாய்: தனித்தனியாக எழுத வேண்டும், எட்டிப் பார்க்கக் கூடாது. உன் கோப்பின் முதல் வரியிலும் எழுதி வைத்து, எனக்கு வாசித்தும் காட்டினாய்: "கமலி, இதைப் பார்க்காதே. பார்த்தால் நாளையிலிருந்து நீ பஸ்தான்."

அதனால் உன் கோப்பைத் தொடவில்லை. இரண்டு பக்கத்தையும் நானே எழுதினேன். முதல் சோதனையிலேயே எல்லாம் தேறியது. எனக்கு எப்போதடி முதல் தடவையே தேறியிருக்கிறது?

கோவிலம்பாக்கத்தில் ஓர் அடுக்ககத்தில் மாட்டினோம். மறுநாள் காலை வாட்ச்மேன் போன் செய்தார். "மேடம், இன்னா மிஷின் இது? டேங்க் வழிஞ்சிகினு கீது, இங்க பாதின்னு காட்டுது!" மோட்டார் ஓடும்போது வந்த செய்தி எல்லாம் கெட்டுப்போய், கடைசியாக வந்த அளவையே கருவி காட்டிக்கொண்டு நின்றிருக்கிறது.

அன்று முழுக்க என் இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒன்றுக்கொன்று தலையாட்டின. ஒருத்தியே எழுதியது, வேறென்ன செய்யும்?

கடைசியில் உன் பழைய வாங்கும் பக்கத்தை எடுத்தேன். திறந்து படிக்கவில்லை, சத்தியம். கட்டத்தின் நீள அகலத்தை வெளியிலிருந்தே மாற்றும்படி நீ எழுதியிருந்ததால், புதுப் பதிப்பின் நீள அகலத்தைக் கொடுத்து, என் அனுப்பும் பக்கத்தோடு ஓட்டினேன். ஏழாவது பிட்டிலேயே நின்றது. "பொருந்தவில்லை."

உடனே உன்மேல்தான் கோபம் வந்தது. நீதான் தப்பு என்று காட்ட, காகிதத்தில் ஒவ்வொரு பிட்டாகப் போட்டுப் பார்த்தேன். தப்பு என்னுடையது. ஒரே சொல்லின் பிட்டுகளைப் பக்கத்துப் பக்கத்திலேயே உட்கார வைத்திருக்கிறேன். ஒரு வீட்டையே ஒரே ஆட்டோவில் ஏற்றிவிட்டேன்.

பதினொரு மாதத்தில் என்னைத் தப்பு என்று சொன்ன முதல் ஆள் நீ. மேசையில் தலை கவிழ்ந்து அழுதேன். "தலைவலியா மேடம்?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

கணக்கைத் திருத்தினேன், பொருந்தியது. வாங்கும் பக்கத்துக்கு உன்னுடையதையே போட்டுவிட்டேன். "இன்னிக்கு வழியல மேடம்" என்றார் வாட்ச்மேன். ஆனால் பொருந்தியதும் திரை பேச்சை நிறுத்திவிட்டது. இன்னும் ஒரு தப்பாவது மிச்சம் வைத்திருக்கலாம் என்று தோன்றியது. உன்னிடம் வேறு எப்படிப் பேசுவது?

அடுத்த பதிப்புக்கு மறுபக்கம் எழுத ஓர் ஆள் வேண்டும் என்று மேனேஜரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். வருகிறவரிடம் அந்தக் கணக்கைப் பற்றி வாய் திறக்க மாட்டேன். உன் கோப்பையும் என்றைக்கும் திறந்து படிக்க மாட்டேன், ஸ்டெல்லா. இதுவரை பார்த்ததே இல்லை. ஆனாலும் பஸ்ஸில்தான் போகிறேன்.

உன் அம்மாவுக்கு இன்னொரு மகள்,
கமலி