அம்மாவின் கம்பிக்கு வேறு பிரஷ்

அம்மா,

நீ தூங்குகிறாய், எழுப்பவில்லை. சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது. உன் ஈறுக்காகக் காரத்தைக் குறைத்திருக்கிறேன்.

பாத்ரூம் டம்ளரில் இரண்டு புது பிரஷ் இருக்கும். நீலம் மென்மையானது. நடுவில் பள்ளமாக வெட்டியிருக்கிறார்கள், அந்தப் பள்ளம் பல் கம்பியின் மேல் உட்காரும். சின்னதை, கம்பிக்கும் பல்லுக்கும் நடுவே மெதுவாக நுழைத்து எடு.

பழைய சிவப்பு பிரஷைக் குப்பையில் போட்டுவிட்டேன். அன்று கடையில் கூட்டம். கம்பி போட்டவர்களுக்கு எது என்று கேட்க வெட்கப்பட்டு, கைக்கு எட்டியதை எடுத்து வந்தேன். "டாக்டர் சொன்ன பிரஷ்தாம்மா" என்று உன்னிடம் பொய் சொன்னேன். அதன் நார் மிகவும் கடினம். ஈறில் ரத்தம் வந்தது அதனால்தான்.

நேற்று ரத்தத்தைப் பார்த்ததும் நீ, "உன் சித்தி சிரிச்சது சரிதான்டி. இந்த வயசுல எனக்கெதுக்குக் கம்பி? நாளைக்கே கழட்டச் சொல்லிடறேன்" என்றாய். அப்போதும் பிரஷ் பற்றிய உண்மையை உன்னிடம் மறைத்தேன்.

இன்று காலை கடைக்காரரிடம் கேட்டேன். "யாருக்கும்மா, உனக்கா?" என்றார். "எங்க அம்மாவுக்கு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டையும் எடுத்துக் கொடுத்தார்.

நான்கு மணிக்குப் பல் டாக்டர். லேபில் இன்று சீக்கிரம் கிளம்புவதாகச் சொல்லிவிட்டேன், மூன்றரைக்கு வந்துவிடுவேன். தனியாகப் போகாதே.

பி.கு: இதைப் படித்த பிறகும் கழற்றத்தான் தோன்றினால், சரி. ஆனால் டாக்டரிடம் உன் வயதைக் காரணம் சொல்லாதே. என்னைச் சொல்.