தண்ணீர் போன திசை

ஆலங்குடி பஸ் ஸ்டாண்டில் நேற்று வெயில் தாங்காமல் ஒரு பன்னீர் சோடா வாங்கினேன். திறந்ததும் குபுகுபுவென்று பொங்கி, அந்த வாசனை மூக்கில் ஏறியது. அவ்வளவுதான், நீ வந்துவிட்டாய். கல்லூரியில் சேர்ந்த வருடம் இதே இடத்தில் பாட்டிலை என் முகத்துக்கு நேரே ஆட்டி, "இந்தா பாருடி, இவருதான் குகை குடையுற ஆளு" என்றாயே! மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது கரியமில வாயுவைக் குடித்து லேசான சோடாவாகிவிடும். சுண்ணாம்புக் கல்லின் விரிசலில் புகுந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். விரிசல் வழியாகும், வழி குகையாகும். பேராசிரியர் வகுப்பு முழுக்கச் சொன்னதை நீ ஒரு மடக்கில் சொல்லி முடித்தாய். நேற்று நான் பாதி சோடாவைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

நம் பக்கம் எங்கே தோண்டினாலும் செம்மண்ணும் கருங்கல்லும்தான். ஆனாலும் வல்லத்திராக்கோட்டைக்காரி நீயும் ஆலங்குடிக்காரி நானும் நிலவியல் படித்துவிட்டு, அறிவியல் டீச்சர்களாகி, கோடை லீவு விட்டதும் கர்னூல் பக்கத்துக் குகைக்கு ரயிலேறினோம். "ஊரு ஒலகம் கொடைக்கானல் போகுது, இவளுக பொந்துக்குள்ள போறாளுக" என்று உன் ஆத்தா தலையில் அடித்துக்கொண்டார்கள்.

அந்தக் குகையின் பெரிய வழியைப் பற்றி நமக்குள் தகராறே கிடையாது. மேலே பானை வயிறுபோல உருண்டை, கீழே ஆள் ஒருக்களித்துப் போகிற வெட்டு. முதலில் தண்ணீர் வழி முழுக்க நிறைந்து எல்லாப் பக்கமும் கரைத்திருக்கிறது. நிலத்தடி நீர் மட்டம் இறங்கியபின் ஓடையாகச் சுருங்கித் தரையை மட்டும் அறுத்திருக்கிறது. சுவர் முழுக்கப் பணியாரச் சட்டி மாதிரி குழிகள். குழியின் எந்தப் பக்கம் செங்குத்தாக இருக்கிறதோ, அந்தப் பக்கமிருந்து தண்ணீர் வந்திருக்கிறது. முதல் தடவை நீ அதைத் தலைகீழாக நினைவில் வைத்துக்கொண்டு, "தண்ணி வந்த பக்கந்தான் வாசல், இங்கிட்டு வா" என்று இழுத்துப்போய் என்னை ஒரு முட்டுச் சுவரில் நிறுத்தினாய். தலைக்கு மேலேயே அம்புக்குறி போட்ட பலகை தொங்கியது. கல்லையே படித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் அதைப் படிக்கவில்லை.

தகராறெல்லாம் அதன் சுவரில் திறக்கிற ஒரு பக்கவழியைப் பற்றித்தான். சுவர்களைச் சேறு மூடியிருந்ததால் குழி எதுவும் தெரியவில்லை. அதன் வழியாகத் தண்ணீர் பெரிய வழிக்குள் வந்தது என்றாய் நீ. பெரிய வழியிலிருந்து பிரிந்து போனது என்றேன் நான். அடேயப்பா, எத்தனை வருடம்! கல்யாண வீட்டுப் பந்தியில், பரீட்சைத்தாள் திருத்துகிற இடத்தில், விராலிமலைக்குப் போகிற பஸ்ஸில். வேறு யாரும் நம்மோடு இதைப் பேசியதே இல்லை. புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் கடைசியாக உன்னைப் பார்த்தபோதுகூட, குரலே எழும்பாமல், "வந்துச்சுடி... போகல" என்று சொல்லிச் சிரித்தாய்.

போன மாதம் தனியாக அந்தக் குகைக்குப் போனேன். துபாயிலிருந்து மகன், "இந்த வயசுல தனியா எதுக்கும்மா அங்கெல்லாம் போறீங்க?" என்று போனில் சத்தம் போட்டான். என்ன சொல்லி விளங்கவைப்பது? உனக்கும் எனக்கும் நடுவில் தீராமல் கிடந்தது அது ஒன்றுதான். அதைத் தீர்த்துவிட்டால் கொஞ்சம் ஆறும் என்று நினைத்தேன்.

பாதையை அகலப்படுத்துவதற்காக அந்தப் பக்கவழியில் சேற்றை எடுத்திருந்தார்கள். கழுவிவிட்ட சுவரில் குழிகள் பளிச்சென்று தெரிந்தன. விளக்கைச் சாய்த்துப் பிடித்தேன், கையால் தடவினேன். குழிகளின் செங்குத்தான பக்கம் பெரிய வழி இருக்கிற பக்கமாகவே இருந்தது. தண்ணீர் போயிருக்கிறது. வரவில்லை. நான் ஜெயித்துவிட்டேன்டி!

சத்தம் போட்டுச் சொல்லத் திரும்பினேன். பின்னால் வந்த குடும்பம் ஒன்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. அந்த ஈரச் சுவரில் சாய்ந்து அழுதேன். மூச்சுத் திணறுகிறதா என்று கேட்டு அவர்கள் தண்ணீர் கொடுத்தார்கள்.

திரும்பி வரும்போது ரயிலில் தூக்கம் வரவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது, நீ என்ன சொல்லியிருப்பாய் என்று திடீரென்று விளங்கியது. "கிறுக்கச்சி, செவுத்துல நிக்கிறது கடைசியா ஓடுன தண்ணியோட தடம்தான். அதுக்கு முன்னாடி வந்த தண்ணி அங்கிட்டு ஓடுச்சா இங்கிட்டு ஓடுச்சான்னு ஒனக்கு எப்படித் தெரியும்?" சரிதானே! மட்டம் மாறினால் தண்ணீர் திசை மாறும், பழைய குழியைப் புதுக்குழி தின்றுவிடும். நான் ஜெயிக்கவில்லை, நம் தகராறு தீரவும் இல்லை.

ஒரு கணம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அப்புறம்தான் உறைத்தது, அதைச் சொன்னதுகூட நான்தான், நீ இல்லை. இனிமேல் உன் கட்சியையும் நானேதான் பேச வேண்டும்.