மணிக்கட்டுக் கயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

பானு எழுதுகிறேன். நீங்களும் அத்தையும் நலமா? நம் பாப்பாவுக்குச் சளி விட்டதா? மாலத்தீவில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் "மிஸ், மிஸ்" என்று என்னையே சுற்றி வருகிறார்கள்.

கம்ப்யூட்டர் சொன்னபடி மரம் செதுக்கும் உங்கள் சின்ன சிஎன்சி மிஷினில், கட்டையைச் சுழற்றப் புதிதாகப் பூட்டிய ரோட்டரி ஓடும் வீடியோவைப் பார்த்தேன். பூரிக்கட்டை தானாகத் திரும்பத் திரும்ப, அதைச் சுற்றிக் கொடி செதுக்கிக்கொண்டே போவது அழகுதான். ஆனால் என் கண் உங்கள் மணிக்கட்டில்தான் இருந்தது. நான் கிளம்பும் முன் திருவாமாத்தூர் கோயிலில் கட்டிவிட்ட கயிறு, கட்டையைப் பிடித்துச் சுழலும் சக்குக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது.

போனில் சொன்னால் சிரிக்கிறீர்கள். "அது மெதுவாத்தான் சுத்திக்கினு இருக்குது, பானு. நீ வர்ற வரைக்கும் அவுக்கக் கூடாதுன்னு நீதானே சொன்ன?"

மெதுவாகச் சுற்றினாலும், கயிற்றைப் பிடித்துவிட்டால் மோட்டார் விடுமா? கையை இழுத்துக்கொண்டு போய்க் செதுக்குகிற கட்டருக்குக் கீழே வைத்துவிடாதா? இங்கிருந்து ஓடி வந்து நான் சுவிட்சை அணைக்க முடியுமா?

நான் கட்டியதை நானே அவிழ்க்கச் சொல்கிறேன், மாமா. சாமியிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

இங்கே என்னோடு வேலை பார்க்கும் திண்டிவனத்து டீச்சர் தையல்நாயகி லீவுக்கு ஊருக்கு வருகிறார். அவர் திரும்பும்போது வறுத்த மல்லாட்டைக் கடலையும் பாப்பா போட்டுக் கழற்றிய சட்டை ஒன்றும் கொடுத்தனுப்புங்கள். சட்டையைத் துவைக்க வேண்டாம்.

படகு கிளம்பப் போகிறது, இதை அவர் கையில் கொடுக்க வேண்டும். கயிறில்லாத கையைப் போட்டோ எடுத்து உடனே அனுப்புங்கள். அதுவரை உங்களுக்குப் போன் செய்யவே பயமாக இருக்கிறது, கைக்கு ஏதாவது ஆகி, நீங்கள் எடுக்காமல் அத்தை எடுத்துவிடுவார்களோ என்று.

உங்கள்
பானுப்ரியா