மரத்தைச் சுற்றிப் போனவள்

மாசி 3, சனி

இல்லை, திருட வந்தவள் மாதிரி தெரியவில்லை. திருடுகிறவள் பட்டப்பகலில் வருவாளா, அதுவும் மூன்று நாள் தொடர்ந்து?

காற்றே இல்லை. வெயில். மூன்றாம் வகுப்பு நோட்டுகள் பாதி திருத்தியாயிற்று.

பள்ளி மாடி ஜன்னலுக்கு நேர் கீழே துறைமுகத்துச் சர்க்கார் கச்சேரியின் முற்றம். அங்கே ஒரு கட்டுமரம். நான்கு கட்டை, கயிற்றால் பிணைத்தது. யாரிடமிருந்தோ பிடித்து வைத்தார்களாம். தினம் மத்தியானம் ஒரு மீன்காரி வருகிறாள். கூடையை வாசலில் வைக்கிறாள். கயிற்றை அவிழ்க்கிறாள். கழியால் நெம்பி ஒவ்வொரு கட்டையாகப் புரட்டுகிறாள். போய்விடுகிறாள். எதையும் எடுப்பதில்லை. சாயங்காலம் சேவகன் வந்து, நான்கையும் சேர்த்துத் திரும்பக் கட்டுகிறான்.

விசித்திரம்: மறுபக்கம் போக வேண்டுமென்றால் மரத்தைத் தாண்டினால் போதும், இரண்டு எட்டு. அவள் ஒவ்வொரு தடவையும் முழு நீளமும் சுற்றிக்கொண்டு போகிறாள். ஏன்?

மாசி 5, திங்கள்

மூன்றாம் பீரியட். கீழே சத்தம். பெண்கள் எல்லோரும் ஜன்னலில். நானும்தான்.

சேவகன்: "இன்னாமே, ரிஜிஸ்தர்ல ஒரு மரம்னு எழுதிகீது. நீ நாலாக்கி வெச்சிட்டுப் பூட்டா நான் இன்னா பதில் சொல்றது?"

அவள்: "கட்டியே போட்டா உளுத்துப் பூடும்யா! உன் ரிஜிஸ்தரையா எங்க வூட்டுக்காரரு கடல்ல தள்ளிகினு போவாரு?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். கச்சேரித் துரை இறங்கி வந்தார். அவரையும் விடவில்லை அவள். பிறகு போலீஸ். கான்ஸ்டபிள் நிமிர்ந்து பார்த்தான். பெண்கள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். எனக்கு இழுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

அவளைக் கொண்டுபோய்விட்டார்கள். கூடை வாசலிலேயே. காகங்கள்.

மாசி 7, புதன்

சம்மன். சர்க்கார் தரப்பு சாட்சி நான்.

அப்பா: "பி.ஏ. படிக்க வைத்தது கூண்டில் ஏறவா?" அப்புறம் மோர் கேட்டார்.

அவள் பெயர் கன்னியம்மாள். குற்றம் இரண்டு. சர்க்கார் கட்டடத்தில் அத்துமீறிப் பிரவேசித்தது. அங்கே ஒழுங்கீனமாக நடந்தது. பிடித்த மரத்தைக் கடத்தும் எண்ணத்துடன் கயிற்றை அவிழ்த்து, நோட்டம் பார்த்துச் சுற்றிச் சுற்றி வந்தாளாம். தீர்ப்பு பாதகமானால் ஜெயில்.

நான் பார்த்தது:
உள்ளே வந்தாள்.
கயிற்றை அவிழ்த்தாள்.
சுற்றிச் சுற்றி வந்தாள்.
கத்தினாள்.

நான்கும் உண்மை. சேர்த்துப் படித்தால் பொய்யாக இருக்கிறது. எங்கே பொய்யாகிறது? தர்க்கப் பாடத்தில் இதற்கு இடம் இருந்ததா, ஞாபகமில்லை.

மாசி 8, வியாழன்

பள்ளி விட்டதும் காசிமேட்டுக் கரை. சாட்சி அங்கே போகலாமா, தெரியாது. போனேன்.

மணல் நெடுகக் கட்டுமரங்கள். ஒன்றுகூடக் கட்டியபடி இல்லை. எல்லாம் பிரித்து, கட்டை கட்டையாக வெயிலில். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் இதைப் பார்த்ததில்லை நான்.

கன்னியம்மாள் இருந்தாள். ஜாமீனில். என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள். "மாடி டீச்சரம்மாதானே நீ? சிரிச்சியே."

ஏன் பிரித்துப் போடுகிறீர்கள் என்றேன்.

"தண்ணி குடிச்ச மரம்மா. அவுத்துப் பொரட்டிப் போட்டாத்தான் காயும். காயாங்காட்டி கனத்துப் பூடும். அப்பால அது மெதக்காது, முங்கும்."

புருஷன் ஆஸ்பத்திரியில். காற்று மரத்தைத் துறைமுகத்துக்குள் தள்ளி, கல்லில் மோதி, கால் முறிந்தது. அனுமதியில்லாமல் உள்ளே வந்ததென்று மரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். "பார்க்கப் போனா காலப் பத்திப் பேசமாட்டாரு. மரத்தப் பொரட்டுனியான்னுதான் கேப்பாரு. அது பூட்டா எங்களுக்கு வேற இன்னா கீது?"

எதற்காகச் சுற்றிப் போனீர்கள்?

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பொம்பள மரத்தத் தாண்டலாமா? தாண்டுனா அவரு எப்டிம்மா அது மேல ஏறுவாரு?"

இதைத் துரையிடம் சொல்லக் கூடாதா?

"கேட்டாத்தானேம்மா சொல்றது?"

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த முற்றத்தில் அவள் தாண்டியிருந்தால் ஏனென்று கேட்க ஆள் இல்லை. யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்திருப்பாள். அப்போதும் சுற்றித்தான் போயிருக்கிறாள். இவள்மேல் ஒழுங்கீனம் என்று வழக்கு.

மாசி 9, வெள்ளி

கோர்ட்டு. கூண்டின் கட்டை பிசுபிசுவென்று, ஆயிரம் பேர் பிடித்தது.

சர்க்கார் வக்கீல் கேட்டார். உள்ளே வந்தாளா? வந்தாள்.

அவிழ்த்தாளா? அவிழ்த்தாள், காய்வதற்காக.

காரணத்தை உங்களிடம் கேட்கவில்லை. சுற்றிச் சுற்றி வந்தாளா?

வந்தாள். பெண்கள் மரத்தைத் தாண்டக் கூடாது என்பதால்.

பின்னால் சிரிப்பு. மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளையே கேட்டார். அவள் கரையில் சொன்னதையே சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார். நம்பினார் என்றே நினைக்கிறேன்.

தீர்ப்பு: கடத்தும் எண்ணம் இல்லை. ஆனால் சொல்லியும் கேளாமல் நுழைந்தது உண்மை, கூச்சல் போட்டதும் உண்மை. பத்து நாள் ஜெயில்.

அவள் அழவில்லை. என்னைத் தாண்டிக் கூட்டிப்போகும்போது சொன்னாள்: "வடக்கால கெடக்குதே, அந்தக் கட்டைதான் ரொம்பத் தண்ணி குடிச்சிகீது, டீச்சரம்மா."

டிராமில் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை.

மாசி 10, சனி

நல்ல வெயில். பள்ளி அரை நாள். நோட்டுகள் முடிந்தன.

மத்தியானம் கீழே போனேன். கச்சேரி வாசலில் சேவகன் எழுந்து நின்று சலாம் வைத்தான். எதற்கு வந்தீர்கள் என்று கேட்கவில்லை. குடையை வாசலில் வைத்தேன்.

முடிச்சு கெட்டி. நகம் ஒன்று உடைந்தது. கழி சுவரோரமே கிடந்தது. மூன்று கட்டை புரண்டது. வடக்குக் கட்டை அசையவில்லை. மறுபக்கத்திலிருந்து நெம்பிப் பார்க்க வேண்டியிருந்தது.

சுற்றித்தான் போனேன்.